சம்பந்திக்கு முதுகு காட்டாமல் பாலாற்றில்

பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்றால் எங்கள் செங்கல்பட்டில் அது ஒரு செய்தி. பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, குடும்பத்தோடு இறங்கி எட்டிப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் அந்தப் பாலத்துக்குக் கீழே மணலையும் சீமைக்கருவேலத்தையும் தவிர வேறொன்றும் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஆற்றில் படகு விட்டுக் கடல்வரை போனவன் நான். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று கம்பெனியில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எவனோ எடுத்த வீடியோ எனக்கு முன்பே கம்பெனிக்குப் போய்விட்டது. அதில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் என்றால் நானும் என் சம்பந்தியும். என் மகளுடைய மாமனார்.

சம்பந்தி என்பது ஒரு விநோதமான உறவு. நண்பன் என்றால் திட்டலாம். பங்காளி என்றால் சண்டை போடலாம். சம்பந்தியை மதிக்க மட்டும்தான் முடியும். கல்யாணப் பந்தியில் நான் உட்காராமல் அவர் உட்காரமாட்டேன் என்றார், அவர் உட்காராமல் நான் உட்காரமாட்டேன் என்றேன். கடைசியில் இரண்டு பேரும் ரசம் தீர்ந்த பிறகு சாப்பிட்டோம். அவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப்போய்ப் பல வருஷமாகிறது. சிங்கப்பெருமாள் கோயிலில் அவர், அவருடைய மகன், என் மகள் என்று மூன்றே பேர் உள்ள வீடு.

படகு மாப்பிள்ளையுடையது. ஐ.டி. வேலை. வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஆன்லைனில் எதையாவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. காற்றடித்தால் படகு, பிடுங்கிவிட்டால் மூட்டை. இரண்டு பேர் உட்காரலாம். இரண்டு துடுப்பு, இரண்டு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, பஞ்சர் ஒட்ட ஒரு சின்னப் பை. கார்த்திகை மழையில் ஆறு நிரம்பி, வெள்ளம் வடிந்து, ஓட்டம் நிதானத்துக்கு வந்ததும், பாலத்தடியில் இறங்கி வாயலூர் முகத்துவாரம்வரை இரண்டு நாள் போவதாக அவரும் என் மகளும் திட்டம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையை ஆபீஸ் பிடித்துக்கொண்டது.

"நீயும் மாமாவும் போங்கப்பா," என்றாள் மகள்.

எனக்கு நீச்சல் தெரியாது. நான் மறுத்திருப்பேன். ஆனால் அவள் குரலைத் தாழ்த்தி, "மாமாவுக்கு ரொம்ப ஆசைப்பா. நீ வரமாட்டேன்னா மனசு கஷ்டப்படுவாரு," என்றாள். சம்பந்தியின் மனசு கஷ்டப்படுவதைவிட நான் முங்கிப்போவது மேல். ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பின்னால் வேறொரு விஷயமும் இருந்தது. என் மகள் மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். நானும் அதே வேலைதான், கம்பெனி வேறு. புனேயில் அவர்கள் தொடங்கும் புது பிளாண்ட்டுக்கு இரண்டு வருஷம் வருகிறாயா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். பெரிய பொறுப்பு. நான் முப்பது வருஷம் வேலை பார்த்தும் எட்டாத நாற்காலி. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகிறவர். அவர் "அப்பா சரின்னா சரி" என்று சொல்லிவிட்டார். மிச்சம் சம்பந்திதான். அவருடைய சம்மதத்தை நான் வாங்கித் தர வேண்டும்.

வாங்கப் போகாமலும் இல்லை. போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை எடுத்தாலே மனிதர் எழுந்துவிடுவார். மோட்டார் போட்டது ஞாபகம் வரும். அடுப்பில் பால் இருக்கும். ஒரு தடவை பக்கத்து வீட்டு நாய்க்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று போனவர், நான் கிளம்புகிறவரை திரும்பவேயில்லை. மருமகளை அனுப்ப மனசில்லை, அதை வாயால் சொல்லவும் முடியவில்லை என்று புரிந்துகொண்டேன். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது.

"படகுல மாமா எங்க எழுந்து போவாரு? அங்க வெச்சுக் கேளு," என்றாள் மகள்.

சனிக்கிழமை காலை பாலத்தடியில் மாப்பிள்ளை படகுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டு, ஆபீஸ் "கால்" இருக்கிறது என்று ஓடிவிட்டார். சம்பந்தி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன்மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு நின்றார். என் மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் சேர்ந்து மூன்றாவது ஆளின் எடை இருந்தது.

"ஏறுங்க சம்பந்தி," என்றேன்.

"நீங்க ஏறுங்க மொதல்ல."

இதற்கே கொஞ்ச நேரம் போயிற்று. டிரைவர் என்றால் முன் சீட்டுதானே என்று அவரை முன்னால் உட்கார வைத்தேன். அதுதான் மரியாதை. பின்னால் உட்காருகிறவன்தான் படகைத் திருப்ப வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் பின்னால் ஏறியதும் அவர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ஐயையோ, உங்களுக்கு முதுகக் காட்டிகினு எப்புடி சம்பந்தி ஒக்கார்றது? தப்பாச்சே."

"பரவாயில்லீங்க. வேணும்னா நான் முன்னாடி வந்துடறேன்."

"அப்ப நீங்க எனக்கு முதுகு காட்டுவீங்க."

"அதுவும் தப்புதான்," என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் படகு ஆட ஆட மெதுவாகத் திரும்பி, என்னைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டார். ரயில் பெட்டியில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்து, இரண்டு பேரும் மும்முரமாகத் துடுப்புப் போட ஆரம்பித்தோம். அவர் அவருக்கு முன்பக்கமாகப் போட்டார், நான் எனக்கு முன்பக்கமாகப் போட்டேன். படகு பாவம், யார் பேச்சைக் கேட்கும்? அங்கேயே சுற்றியது.

பாலத்தின் மேல் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லார் கையிலும் போன். கரையில் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணாத்த, ரெண்டு பேர்ல ஒருத்தரு திரும்பி ஒக்காருங்க. போய்கினே இருக்கலாம்."

"அவரு என் சம்பந்திங்க," என்று விளக்கினேன்.

"ஓ," என்றார் அவர், அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள் போல. மேற்கொண்டு அவர் வற்புறுத்தவில்லை. "அப்ப அவர ரிவர்ஸ்ல போடச் சொல்லுங்க."

இப்படியாக, வாழ்நாள் முழுக்கப் பெரிய வண்டி ஓட்டிய ஒரு மனிதர், பாலத்திலிருந்து பாலாற்று முகத்துவாரம்வரை ரிவர்ஸிலேயே வந்தார். போகிற வழி அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். எனக்கு சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. "லெஃப்ட்டு சம்பந்தி" என்பேன். என் லெஃப்ட்டு அவருக்கு ரைட்டு. அவர் தன் லெஃப்ட்டில் துடுப்பைப் போட, படகு நேராகப் போய் நாணலில் செருகும். "இது எந்த லெஃப்ட்டுங்க?" என்று கேட்க அவருக்கு மரியாதை இடம் தரவில்லை. "நான் தப்பா சொல்லிட்டேன்" என்று நானும், "இல்ல, நாந்தான் தப்பாப் போட்டேன்" என்று அவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டபடியே கரையோரத்து நாணல் புதர்கள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு வந்தோம்.

இதற்கு நடுவில் புனேயைப் பற்றி எப்படிப் பேசுவது? பக்கவாட்டில் பார்த்தபடி பேசினாலாவது சொல்லிவிடலாம். அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருக்கிறது. நான் தொண்டையைச் செருமினால் போதும், "தண்ணி குடிக்கிறீங்களா சம்பந்தி?" என்று பாட்டிலை நீட்டிவிடுவார். எழுந்து போக முடியாத குறையைத் தண்ணீர் பாட்டிலால் சரிக்கட்டினார். மத்தியானத்துக்குள் எனக்கு வயிறு உப்பிவிட்டது.

ஆறு அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் நெல், சவுக்கு, நடுவில் எங்கேயோ ஒரு கோயில் ஒலிபெருக்கி. கொக்குகள் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சம்பந்தி, தான் கடந்துவந்ததை மட்டுமே பார்க்க முடிந்ததால், "அடடா, அந்த எடம் நல்லாருந்துச்சே" என்று தாமதமாகவே பாராட்டினார். சாயங்காலம் வள்ளிபுரம் தடுப்பணைக்குப் பக்கத்தில் கரையேறி, என் மனைவிவழிச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். அங்கே ஒரே கட்டில்தான் இருந்தது. அவர் படுக்கட்டும் என்று நானும், நான் படுக்கட்டும் என்று அவரும் விட்டுக்கொடுத்ததில், இருவரும் தரையில் படுத்தோம். கட்டிலில் வீட்டுக்காரருடைய பூனை படுத்தது.

மகள் போன் செய்தாள்.

"பேசினியாப்பா?"

"எங்க பேசறது? லெஃப்ட்டு ரைட்டு சொல்லவே நேரம் சரியாப் போச்சு."

"நாளைக்காவது பேசு. திங்கக்கிழமை நான் சொல்லியாகணும்," என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படகைத் தலையில் தூக்கிக்கொண்டு தடுப்பணையைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் இறங்கினோம். இன்றைக்கு என்ன ஆனாலும் கேட்டுவிடுவது என்று முடிவோடு இருந்தேன். ஆறு அகலமாகி, ஓட்டம் குறைந்து, ஒரு திருப்பத்தில் தானாகவே மிதந்தது. சம்பந்தி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டில் காலி. இதுதான் நேரம் என்று அவர் முகத்தையே பார்த்து ஆரம்பித்தேன்.

"சம்பந்தி, பாப்பா வேலை விஷயமா..."

முன்னால் பார்க்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை. பாதி முழுகிய சீமைக்கருவேல மரம் ஒன்று ஆற்றின் நடுவே நின்றிருந்தது. ஆற்றையே வளைத்துப்போட்ட மரம், காற்றடித்த படகை விட்டுவிடுமா? 'புஸ்' என்று ஒரு சத்தம். அவர் அதை நான் விட்ட பெருமூச்சு என்று நினைத்திருக்க வேண்டும். என்னை ஆறுதலாகப் பார்த்தார். பிறகு அவர் உட்கார்ந்திருந்த பக்கம் மெல்ல இறங்கியது.

"யோவ் சம்பந்தி," என்றார் அவர். எங்கள் உறவில் முதல் 'யோவ்' அதுதான். "முன்னாடி பாத்துகினு வரமாட்டியா? கண்ணு எங்க கீது?"

"நீ மூஞ்சிய காட்டிகினு ஒக்காந்துகினா நான் எத்தப் பாக்கறது?" என்று நானும் கத்தினேன். "எனக்கு நீச்சல் தெரியாதுய்யா."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"தெரியாதவன் எதுக்குய்யா படகுல போவ ஆசைப்பட்டே?"

"நானா? நீதான்யா ஆசைப்பட்டியாம். நா வரலன்னா உன் மனசு சங்கடப்படும்னு உன் பொண்ணுதான் சொல்லிச்சு."

படகு சாய்ந்து இருவரும் தண்ணீரில் விழுந்தோம். கைகளை அடித்தோம், சாமிகளைக் கூப்பிட்டோம். மிதவைச் சட்டை என்னைத் தூக்கிப் பிடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் கால் தரையில் இருப்பது தெரிந்தது. எழுந்து நின்றேன். தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுமேல் இருந்தது. சம்பந்தி இன்னும் நீந்திக்கொண்டிருந்தார்.

"எழுந்து நில்லுய்யா," என்றேன்.

எழுந்தார். வேட்டி மட்டும் தனியாகக் கடலை நோக்கிக் கிளம்பியிருந்தது. அதைத் துரத்திப் பிடித்துக் கொடுத்தேன்.

பக்கத்து மணல்திட்டில் படகை இழுத்துப்போட்டு, ஓட்டையைக் கண்டுபிடித்து, மாப்பிள்ளையின் பையில் இருந்த பசையைத் தடவி ரப்பர் துண்டை ஒட்டினோம். காயும்வரை நான்கு ஓரத்தையும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தது. எங்கள் நான்கு கட்டைவிரல்களும் அங்கே மாட்டிக்கொண்டன. இனி யாராலும் எங்கேயும் எழுந்து போக முடியாது.

கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சூட்டிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏன்யா என் பொண்ணப் புனேவுக்கு அனுப்ப மாட்டேன்ற?"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "நா எப்ப மாட்டேன்னேன்? நீதான் அனுப்பக் கூடாதுன்னு சொல்ல வந்துகினு கீறன்னு பாத்தேன். சம்பந்தி வாய் விட்டுக் கேட்டா நா எப்புடி முடியாதுன்றது? அதான் நீ வந்தாலே எழுந்து போயிடுவேன். அந்த நாய்க்குத் தண்ணி வெச்சே என் கை ஓஞ்சுபோச்சு."

"நான் எதுக்கு அனுப்பாதன்னு சொல்லப் போறேன்?"

"தெனம் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸ விட்டு எங்க ஊர்ல எறங்கி, பாப்பாவப் பாத்து ஒரு டீ குடிச்சிட்டு, அப்புறம் ரயிலப் புடிச்சு வூட்டுக்குப் போற ஆளு நீ. பாக்காம இருந்துடுவியா? அத்த நெனச்சுத்தான் நா வாயே தொறக்கல. உங்கப்பா இன்னா சொல்றாரோ அதான்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேன்."

நானும் அவளிடம் அதையேதான் சொல்லியிருந்தேன். மாமனார் என்ன சொல்கிறாரோ அதுதான் என்று. பெரிய மனுஷத்தனமாகச் சொன்னதாக நினைத்திருந்தேன். உண்மை வேறு. மாப்பிள்ளை வீடு தேடும்போது ஜாதகம், படிப்பு, வேலை எல்லாம் பார்த்தது என் மனைவி. நான் பார்த்தது ஒன்றே ஒன்று, அந்த வீடு எங்கள் கம்பெனி பஸ் ரூட்டில் இருந்தது. அவள் போகக் கூடாது என்று நான்தான் ஆசைப்பட்டேன். அதைச் சொல்கிற வேலையை மட்டும் சம்பந்திக்கு விட்டிருந்தேன்.

"உனக்கு அது போறது புடிச்சிக்கீதா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றார் உடனே. "பையன் காலைலேர்ந்து காதுல மாட்டிகினு எவங்கிட்டயோ பேசிகினு கீறான். அந்தப் பொண்ணுதான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என்கூட ஒக்காந்து டீ குடிக்கும். பழைய ரூட்டுக் கதையெல்லாம் கேக்கும். ஒரே கதைய நாலு தடவ சொன்னாலும் புதுசு மாதிரி கேக்கும். அது போயிட்டா எனக்கு வூட்ல பேச்சே கெடையாது. உனக்கு?"

"எனக்கும் புடிக்கல."

இரண்டு பேரும் கட்டைவிரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். அவர் மூக்கைத் துடைக்கக் கையில்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் புடிக்கலன்னு அது ஏன் நிக்கணும்?" என்றார் கடைசியில். "அனுப்பிடலாம்யா."

"அனுப்பிடலாம்," என்றேன்.

ஒட்டு ஒருவழியாக நின்றதும், மாறி மாறி வாயால் ஊதிப் படகை நிமிர்த்தினோம். மறுபடியும் அதே மாதிரி எதிரெதிராகத்தான் உட்கார்ந்தோம், அதற்குள் அது பழகிவிட்டது. ஆனால் இப்போது "லெஃப்ட்டு" என்றால் "ஒன் லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?" என்று அவர் கேட்டார், நான் சொன்னேன், படகு ஒழுங்காகப் போனது. வாயலூர் தடுப்பணையையும் தூக்கிக்கொண்டு தாண்டினோம். ஈ.சி.ஆர். பாலத்தின் கீழே போனபோது மேலே போன பஸ்ஸின் சத்தத்தை மட்டும் கேட்டு, அதற்குக் கிளட்ச் சரியில்லை என்றார். பாலத்தைத் தாண்டியதும் தண்ணீர் உப்புக்கரித்தது. சவுக்குத் தோப்புக்கு அப்பால் அலைச் சத்தம் கேட்டது. மணல்மேட்டில் படகை ஏற்றிவிட்டு நின்றோம். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல், நடுவில் ஈர வேட்டியோடு சம்பந்தி. மாமல்லபுரம் போய் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கார் கொண்டுவர இன்னும் நேரம் இருந்தது.

பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மகளைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, மாமாகிட்ட பேசிட்டேன். அவருக்கு முழுச் சம்மதம். எனக்கும்தான். நீ போய்ட்டு வா."

போனைச் சம்பந்தி பக்கம் நீட்டினேன்.

"கேக்குதாம்மா?" என்றார் சம்பந்தி, போனுக்குள் குனிந்து. "ஜம்முனு போய்ட்டு வா."

"மாமா, நீங்களுமா சரின்னுட்டீங்க?" என்றாள். குரல் உடைந்தது. "யாராவது ஒருத்தராவது வேணாம்னு சொல்வீங்கன்னு நெனச்சேன். போகணும்னு ஆசையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. உங்க மேல பழியப் போட்டுட்டு இங்கயே இருந்துடலாம்னு பாத்தேன். இப்ப நான் எப்படிப்பா போகாம இருக்கறது?"

அழுதாள். சம்பந்தி என்னைப் பார்த்தார். 'வேணாம்' என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் மூன்று பேருக்கும் நிம்மதி. அந்த வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

"காலைல போனதும் சரின்னு சொல்லிடும்மா," என்றேன்.

போனை அவரிடம் கொடுத்தேன். அவர் ஈர வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரயில் டிக்கெட்டு நாங்களே போட்டுக் குடுக்கறோம். நானும் உங்கப்பாவும் கூடவே வந்து உன்ன உட்டுட்டு வர்றோம்," என்றார்.